வீட்டு முற்றத்தில் ஈயக்குண்டு வார்ப்பு: செலவைக் குறைத்துத் தொடங்குகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கரையில் நின்று தூண்டில் போடுகிறவர்களுக்கு ஈயக்குண்டு தீர்ந்துகொண்டே இருக்கும் சரக்கு. கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய தூண்டில் வளைவுக் கற்களுக்கு நடுவே வீசினால் மீன் மாட்டுகிறதோ இல்லையோ, குண்டு மாட்டிக்கொள்ளும். ஒரு காலைப் பொழுதில் நாலைந்து போய்விடும். கடையில் வாங்கிக் கட்டுப்படியாகாமல் நானே வார்க்கத் தொடங்கிப் பல வருஷம் ஆகிறது. புதியவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். ஒரு நேரத்தில் இரண்டு மூன்று கிலோ உருக்கிச் சொந்த உபயோகத்துக்கு வார்க்கிறவர்களை மனதில் வைத்து எழுதியது இது.

ஈயம் என்றால் எது? ரசம் வைக்கிற ஈயச்சொம்பும் இதுவும் ஒன்றா?

இல்லை. இரண்டு உலோகத்துக்கும் நம் பேச்சில் ஒரே பெயர் விழுந்துவிட்டது. ரசச் சொம்பும், பித்தளைப் பாத்திரத்தின் உள்ளே பூசுவதும் வெள்ளீயம். தூண்டில் குண்டு, வீச்சுவலையின் ஓரத்து மணி, பேட்டரித் தகடு, பழைய டெலிபோன் கேபிளின் உறை ஆகியவை காரீயம். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். தண்ணீர் ஊற்றாமல் அடுப்பில் வைத்த ஈயச்சொம்பு அடி கழன்று ஒழுகுவது அதனால்தான். காரீயம் உருக 327 டிகிரி வேண்டும். இது நஞ்சு, அது சமையலுக்கு ஆகும்.

பரணில் கிடக்கும் பாட்டியின் சொம்பை "ஈயம்தானே" என்று சட்டியில் போட்டுவிடாதீர்கள். வெள்ளீயத்தின் விலை காரீயத்தைப் போலப் பல மடங்கு. பாட்டியும் சும்மா விடமாட்டாள். இனி இந்தப் பக்கத்தில் ஈயம் என்று வரும் இடமெல்லாம் காரீயம்தான்.

மொத்தம் எவ்வளவு ஆகும்? முதலில் எதை வாங்க வேண்டும்?

எனக்கு முதல் தடவை, ஈயத்தைச் சேர்க்காமல், இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. அதில் பாதிக்கு மேல் கையுறை, முகக்கவசம், மூச்சு வடிகட்டி இவற்றுக்கே போயிற்று. அப்படித்தான் போக வேண்டும். சட்டி, அடுப்பு, கரண்டி, அச்சு எல்லாவற்றையும் காயலான் கடையிலும் சந்தையிலும் தேடிப் பொறுக்கிவிடலாம். உடம்பில் மாட்டுவதை மட்டும் புதிதாக வாங்குங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: ஆன்லைனில் மின்சார உருக்குச் சட்டி வரவழைத்துவிட்டு, செருப்பும் லுங்கியுமாக அதன் முன்னால் உட்காருகிறார்கள்.

எந்தப் பாத்திரத்தில் உருக்கலாம்?

இரும்பு அல்லது தடித்த ஸ்டீல். கனமான வார்ப்பிரும்புச் சட்டி கிடைத்தால் அதுவே முதல் தரம். அடி அகலமாக, ஆடாமல் உட்கார வேண்டும். வாங்கும் முன் விரல் கணுவால் தட்டிப் பாருங்கள். விரிசல் இருந்தால் சத்தம் உடைந்து வரும். கைப்பிடியை ஒட்டு வைத்திருந்தாலோ, ரிவெட் ஆடினாலோ வேண்டாம். ஈயத்தின் எடையைக் கண் எப்போதும் குறைத்தே கணிக்கும். ஒரு லிட்டர் சட்டி நிறைய உருகிய ஈயம் இருந்தால் பத்துக் கிலோவுக்கு மேல் நிற்கும். அரை லிட்டர் சட்டியே ஒரு ஆளுக்குத் தாராளம்.

அலுமினியம் கூடாது. அது உருக 660 டிகிரி வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் தீ நேரே படும் மெல்லிய அடி, அதற்கு மிகவும் முன்பே பலம் இழந்துவிடும். மேலே இருப்பதோ கனத்த ஈயம். துத்தநாகம் பூசிய வாளியும் கூடாது, சூட்டில் அதன் புகை வேறு நெஞ்சைப் பிடிக்கும். நான்ஸ்டிக் பாத்திரத்தை நினைத்தே பார்க்க வேண்டாம். அந்தப் பூச்சு ஈயம் உருகும் சூட்டுக்கு முன்பே சிதையத் தொடங்கி நச்சுப் புகை விடும். வெள்ளீயம் பூசிய பித்தளையில் ஊற்றினால் பற்றவைத்ததுபோல ஒட்டிக்கொள்ளும்.

கரண்டிக்கு நம் ஊரில் கிடைக்கும் நல்ல கருவி இரும்புத் தாளிப்புக் கரண்டி. நீளமான பிடி, ஆழமான குழி, ஒரு பக்கம் லேசாகத் தட்டி நெளித்தால் மூக்கும் வந்துவிடும். கசடு எடுக்கப் பழைய ஸ்டீல் ஜல்லிக்கரண்டி போதும். இவை ஈயத்தைத் தொட்ட நாளிலிருந்து சமையலறைக்குத் திரும்பக் கூடாது. நான் பிடிகளில் சிவப்புப் பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறேன். "நல்லா கழுவிட்டேன்" என்பது இங்கே செல்லாது.

என்ன அடுப்பு?

ஒரு கிலோ ஈயத்தை உருக்க ஆகும் வெப்பம், ஒரு டம்ளர் தண்ணீரைக் கொதிக்கவைக்க ஆவதற்குக் கிட்டத்தட்ட சமம். எனவே பெரிய உலை எதுவும் தேவையில்லை. கரி அடுப்பு போதும், பம்ப் ஸ்டவ் போதும், 5 கிலோ சிலிண்டரோடு ஒற்றை பர்னர் இருந்தால் இன்னும் வசதி, சூட்டைக் கூட்டிக் குறைக்கலாம். காற்று அடிக்காமல் மூன்று பக்கமும் காய்ந்த செங்கல் அடுக்கிக்கொள்ளுங்கள். அடுப்பின் கால்கள் பத்துக் கிலோவைத் தாங்குமா என்று முதலில் பார்க்க வேண்டும். மெல்லிய தகரக் கால் அடுப்புகளில் நான் சட்டியை நேராக வைப்பதில்லை. தரையில் ஊன்றிய இரும்பு முக்காலியில் சட்டி, அதன் கீழே பர்னர்.

இண்டக்‌ஷன் அடுப்பு உதவாது. பெரும்பாலானவை 327 டிகிரியை எட்டும் முன்பே தானாக நின்றுவிடும்.

ஈயத்துக்கு எங்கே போவது?

பழைய வலையில் கழற்றிய மணிதான் சுத்தமானது. காயலான் கடையில் கேபிள் உறை, பழைய குழாய், தகடு கிடைக்கும். டயர் கடைகளில் சக்கரம் ஆடாமல் சமமாகச் சுற்ற வைக்கும் எடைத் துண்டுகள் கிடைக்கும். அவற்றில் கொஞ்சம் ஆன்டிமனி கலந்திருப்பதால் குண்டு கெட்டியாக இருக்கும். பழைய அச்சகம் மூடிய இடத்தில் அச்செழுத்து கிடைத்தால், ஈயத்தோடு ஆன்டிமனியும் வெள்ளீயமும் சேர்ந்த அருமையான கலவை அது. அச்சின் மூலை முடுக்கெல்லாம் ஓடி நிரம்பும். ஆனால் தமிழ் எழுத்துக் கட்டைகளை உருக்க எனக்குக் கை வரவில்லை. ஒரு டப்பா நிறைய அப்படியே வைத்திருக்கிறேன்.

ஈயம்தானா என்று பார்க்க, கையுறையோடு ஆணியால் கீறுங்கள். ஆழமாகக் கீறல் விழுந்து உள்ளே பளபளக்கும், காகிதத்தில் தேய்த்தால் சாம்பல் நிறக் கோடு விழும், சிமெண்டுத் தரையில் போட்டால் கணீரென்று ஒலிக்காமல் தொப்பென்று விழும்.

டயர் கடைத் துண்டுகளில் ஒரு பொறி உண்டு. இப்போது வருபவற்றில் பல துத்தநாகம், பல இரும்பு. இரும்பு மிதக்கும், எடுத்துப் போட்டுவிடலாம். துத்தநாகம் 419 டிகிரியில் உருகும். ஒரு துண்டு கலந்துவிட்டாலும் சட்டி முழுக்கக் கஞ்சி மாதிரி ஆகி, அச்சில் ஓடாது. அதற்கு மருந்து, முதலிலேயே கீறிப் பார்த்துப் பிரிப்பதும், சூட்டை 400 டிகிரிக்குக் கீழே வைத்து, மிதக்கும் துண்டை உருகும் முன்பே வாரிவிடுவதும்தான்.

பழைய கார் பேட்டரியை உடைத்து எடுக்கலாமா? அதில்தானே நிறைய ஈயம் இருக்கிறது?

கூடாது. இதில் "கவனமாகச் செய்தால்" என்ற பேச்சுக்கே இடமில்லை.

வலைமணியை உருக்கும்போது உலோகம் உருகி உலோகமாகவே உறைகிறது. பேட்டரிக்குள் இருப்பதில் பெரும்பங்கு ஈய ஆக்ஸைடும் ஈய சல்பேட்டும் கந்தக அமிலத்தில் ஊறிய கூழ். அதிலிருந்து ஈயம் எடுப்பது உருக்குவது அல்ல, உலைத் தொழில். அந்தத் தூள் மண்ணில் கலந்தால் பிறகு பிரிக்க முடியாது. தகட்டில் கலந்துள்ள ஆர்சனிக்கும் ஆன்டிமனியும் நச்சு வாயுவாகவும் மாறக்கூடும். செனகல் தலைநகர் டக்காரின் புறநகரான தியாரோய் சுர் மேரில் மக்கள் வீட்டைச் சுற்றியே பழைய பேட்டரி ஈயத்தைப் பிரித்துவந்தார்கள். 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரை அங்கே 18 குழந்தைகள் இறந்தன.

நம் நாட்டில் 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரி பதிவு பெற்ற மறுசுழற்சியாளருக்குப் போய்ச் சேர வேண்டும். கடையில் கொடுத்தால் புதிய பேட்டரியில் விலை கழிப்பார்கள். அந்தக் காசில் காயலான் கடை ஈயம் வாங்கிக்கொள்ளுங்கள்.

அச்சு எதில் செய்வது?

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. செலவும் இங்கேதான் குறைவு.

முதலில் கட்டிகள். கிடைத்த ஈயத்தையெல்லாம் ஒரு தடவை உருக்கிச் சுத்தம் செய்து சின்னக் கட்டிகளாக ஊற்றி வைத்துக்கொண்டால், பிறகு குண்டு வார்க்கும் நாளில் அழுக்கு வேலை இருக்காது. இதற்கு இரும்புப் பணியாரக் கல் மாதிரி ஒரு அச்சை யாரும் தனியாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஒரு குழிக்கு முந்நூறு கிராம் அளவில் உறைந்து, கவிழ்த்துத் தட்டினால் பணியாரம் போலவே விழும். பார்க்கத் தின்பண்டம் மாதிரி இருக்கும் என்பதே இதன் ஆபத்து. பூட்டி வையுங்கள்.

குண்டுக்கு எளிதான அச்சு ஒரு ஸ்டீல் ஸ்பூன். மண்ணில் சமமாகப் பதித்து, முனையில் கம்பி வளையம் ஒன்றைச் சாய்த்து வைத்து ஊற்றினால் தட்டையான குண்டு. மணலில் உருளாமல் கிடக்க இந்தத் தட்டை வடிவம் நல்லது. இதற்கு அடுத்த நிலை மாக்கல். கல்சட்டி செய்கிற அதே கல். உடைந்த கல்சட்டித் துண்டையே எடுத்துக்கொள்ளலாம். இரண்டு துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாகத் தேய்த்துத் தேய்த்து முகம் பொருந்தவைத்து, உளியாலும் பழைய ஸ்க்ரூ டிரைவராலும் பாதிப் பாதி வடிவம் குடைய வேண்டும். கல் சோப்பு மாதிரி வழுவழுவென்று இழையும். ஒரு மாலையில் ஒரு அச்சு முடிந்துவிடும். குடையும் தூளையும் மூச்சில் இழுக்கக் கூடாது, முகக்கவசம் வேண்டும். மேலே புனல் வாய், பக்கத்தில் மயிரிழை அளவுக்கு இரண்டு கீறல். அந்தக் கீறல் இல்லாவிட்டால் காற்று வெளியேற வழியின்றிக் குண்டு பாதியிலேயே நிற்கும். துளை வேண்டுமானால் வழவழப்பான ஆணி ஒன்றை நடுவில் படுக்கவைத்து ஊற்றி, உறைந்ததும் உருவிவிடலாம்.

ஊற்றும் முன் அச்சின் உட்புறத்தை அகல்விளக்குச் சுடரில் காட்டிக் கரி படியவையுங்கள். ஈயம் ஒட்டாது, நன்றாக ஓடவும் செய்யும்.

மரத்திலும் குடையலாம், பத்துப் பதினைந்து வார்ப்புக்குப் பிறகு கருகிவிடும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் எல்லோரும் சொல்வதுதான், எனக்கு நம்பிக்கை இல்லை. தொட்டால் காய்ந்ததுபோல இருக்கும், உள்ளே ஈரம் இருக்கும்.

ஈரத்துக்கு ஏன் இவ்வளவு பயம்?

தண்ணீர் ஆவியானால் 1,600 மடங்குக்கு மேல் விரியும். உருகிய ஈயத்தின் மேல் ஒரு துளி விழுந்தால் சுர்ரென்று போய்விடும். அதே துளி ஈயத்துக்கு அடியில் மாட்டினால், மேலே இருக்கும் ஈயத்தைத் தூக்கி எறிந்துவிட்டுத்தான் வெளியே வரும்.

ஒரு மார்கழிக் காலையில் நானே செய்த தப்பு. கடற்கரையில் பொறுக்கிய பழைய குண்டு, நடுத்துளையில் தங்கூசி (தூண்டில் நைலான் நரம்பு) முடிச்சு அடைத்திருந்தது. வெளியே நன்றாகக் காய்ந்துதான் இருந்தது. சட்டியில் ஏற்கெனவே பாதிக்கு உருகிய ஈயம். போட்டேன். ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு லட்சுமி வெடி வெடித்தது போல ஒரு சத்தம், சட்டியில் இருந்ததில் பெரும்பாலும் வெளியே. சுவரில், மாமரத்து அடியில், என் சட்டையில் வெள்ளிப் பொட்டுகள். முகக்கவசத்தின் கண்ணாடியில், சரியாக இடது கண்ணுக்கு நேரே, எட்டணா அளவுக்கு ஒன்று ஒட்டியிருந்தது. முடிச்சுக்குள் கடல்நீர் இருந்திருக்கிறது.

அதிலிருந்து என் வழக்கம் இது: எல்லா ஈயத்தையும் குளிர்ந்த சட்டியிலேயே போட்டுவிட்டு அடுப்பைப் பற்றவைப்பேன். சட்டியோடு சூடேறினால் ஈயம் உருகும் முன்பே ஈரம் போய்விடும். நடுவில் சேர்க்க வேண்டுமானால், அடுப்பு ஓரத்தில் வைத்துச் சுட்ட கட்டியைத்தான் சேர்ப்பேன். கரண்டியும் அச்சும் அப்படியே. மழை இருட்டிக்கொண்டு வந்தால் அன்று வேலை இல்லை. நெற்றி வியர்வை சொட்டாமலிருக்க ஒரு துண்டு கட்டிக்கொள்ளுங்கள்.

எந்த இடத்தில் செய்யலாம்? மொட்டைமாடி ஆகுமா?

திறந்த வெளி, மண் தரை, காற்று உங்கள் முதுகிலிருந்து அடிக்கும்படி. அடுக்குமாடிப் பால்கனி, சமையலறை, ஷெட்டுக்குள் எல்லாம் கிடையாது. மொட்டைமாடியில் ஒரு சங்கடம்: சிமெண்டுத் தரை ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், ஈயம் சிந்தினால் தரையே சில்லு சில்லாகத் தெறிக்கும். வேறு வழியில்லையென்றால் தகரத் தட்டில் காய்ந்த மணல் பரப்பி அதன்மேல் வேலை செய்யுங்கள். சிந்தியதையும் அப்படியே அள்ளிவிடலாம். சின்னப் பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வரக் கூடாது. கோழி மேயும் இடமும் காய்கறிப் பாத்தியும் வேண்டாம்.

சூடு போதுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மல்டிமீட்டரில் செருகும் தெர்மோகப்பிள் கம்பி மலிவு, நம்பகமானது. துப்பாக்கி மாதிரி நீட்டிப் பார்க்கும் அகச்சிவப்பு வெப்பமானி பளபளப்பான உலோகத்தில் பொய் சொல்லும். எதுவும் இல்லாவிட்டால் காய்ந்த ஈர்க்குச்சியை நுழைத்துப் பாருங்கள்: கருக வேண்டும், குப்பென்று பற்றக் கூடாது. 350லிருந்து 380 டிகிரி வரை எனக்குச் சரியாக வருகிறது.

குண்டே சொல்லிவிடும். மேலே சுருக்கம் சுருக்கமாக, பாலாடை மடிந்ததுபோல இருந்தால் ஈயமோ அச்சோ சூடு போதவில்லை. முதல் நாலைந்து குண்டு எப்போதும் அப்படித்தான் வரும், அச்சு சூடேறும் வரை. அவற்றைத் திரும்பச் சட்டியில் போடுங்கள். உறைபனி படிந்ததுபோல வெளிறி வந்தால் சூடு அதிகம்.

மேலே படியும் சாம்பல் நிற ஆடையை என்ன செய்வது?

பட்டாணி அளவு மெழுகுவர்த்தித் துண்டு போட்டுக் கிளறுங்கள். புகை வரும், தீப்பற்றும், பயப்பட வேண்டாம், முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள். ஆக்ஸைடாகிப்போன ஈயத்தில் கொஞ்சம் மீண்டும் உலோகமாகும், அழுக்கு தனியே தூளாக மிதக்கும். ஒரு பிடி காய்ந்த மரத்தூளும் இதே வேலையைச் செய்யும். மிதப்பதை ஜல்லிக்கரண்டியால் மெதுவாக வாருங்கள்.

ஈயப் புகைதானே ஆபத்து? மாஸ்க் போட்டால் போதுமா?

பலர் தப்பாகப் புரிந்துகொண்டிருப்பது இதைத்தான். ஈயம் கொதிக்க 1,749 டிகிரி வேண்டும். நாம் வேலை செய்யும் சூட்டில் ஆவியாவது மிகக் குறைவு. 500 டிகிரியைத் தாண்டவிட்டால்தான் அது பெரிய பிரச்சினை. வீட்டு வார்ப்பில் உடம்புக்குள் போகும் ஈயம் பெரும்பாலும் கை வழியாக வாய்க்குப் போவது. கசடுத் தூள் விரலில் ஒட்டும், விரல் பீடியில், வெற்றிலையில், வடையில். சட்டையில் ஒட்டியது மடியில் உட்காரும் குழந்தைக்கு.

பாதுகாப்பான ஈய அளவு என்று ஒன்று கண்டறியப்படவில்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலை. விழுங்கிய ஈயத்தைக் குழந்தைகளின் உடம்பு பெரியவர்களைவிட 4 முதல் 5 மடங்கு உறிஞ்சும். போன ஈயம் எலும்பில் தங்கி வருஷக்கணக்கில் இருக்கும். ஆரம்பத்தில் ஒரு அறிகுறியும் தெரியாது.

ஆகவே துணி மாஸ்க் கணக்கில் சேராது. தூளுக்கான பி100 வடிகட்டி, இல்லாவிட்டால் முகத்தில் ஒட்டி உட்காரும் என்95. வேலை நடுவே தின்பதும் குடிப்பதும் புகைப்பதும் கிடையாது. முடிந்ததும் சோப்புப் போட்டு நகக்கண் வரை கழுவி, குளித்து, அந்தத் துணியை வீட்டுத் துணியோடு சேர்க்காமல் தனியாக அலச வேண்டும். இடத்தை விளக்குமாற்றால் பெருக்காதீர்கள், தூள் பறக்கும். எல்லாம் ஆறிய பிறகு ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். மாதாமாதம் வார்க்கிறவர்கள் ரத்தத்தில் ஈய அளவை வருஷம் ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது. டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் வந்தால், ஈயம் எங்கிருந்து சேர்கிறது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்கிறது அதே நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல்.

என்ன உடுத்துவது?

முழுக்கை பருத்திச் சட்டை, தடித்த பருத்திப் பேன்ட், பேன்ட்டின் கால் ஷூவுக்கு வெளியே. உள்ளே செருகினால் சிந்திய ஈயம் ஷூவுக்குள் போய் நிற்கும். தோல் ஷூ, வெல்டிங் செய்கிறவர்கள் போடும் தோல் கையுறை, கண்ணாடி, அதற்கு மேல் முழு முகக்கவசம். பாலியெஸ்டர், நைலான் வேண்டவே வேண்டாம். உருகித் தோலோடு ஒட்டும்.

தெறித்துச் சுட்டுவிட்டால்?

"காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினாற்போல" என்று சும்மா சொல்லவில்லை. ஓடும் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிஷம் காட்டுங்கள். தோலில் ஒட்டி உறைந்ததைப் பிய்க்காதீர்கள், மருத்துவமனையில் எடுக்கட்டும். பற்பசை, இங்க், மஞ்சள் எதுவும் தடவக் கூடாது. இதற்காகக் குழாயோ வாளியோ இருக்க வேண்டும், ஆனால் சட்டியிலிருந்து பத்தடி தள்ளி. சட்டிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது காய்ந்த மணல் வாளி.

ஈயம் இல்லாமலே குண்டு செய்ய முடியாதா?

முடியும். பழைய ஸ்பார்க் பிளக், நட்டு, கம்பித் துண்டு, சுட்ட மண் குண்டு எல்லாம் ஓடும். பாறைப் பக்கம் போகும்போது நான் ஸ்பார்க் பிளக்தான் கட்டுகிறேன், எப்படியும் போகப்போகிறதுதானே. இங்கிலாந்தில் அன்னப் பறவைகள் சின்ன ஈயக்குண்டுகளைக் கூழாங்கல்லோடு விழுங்கிச் செத்ததால், 1987ல் 28.35 கிராம் வரையிலான பெரும்பாலான ஈயக்குண்டுகளின் விற்பனையைத் தடை செய்தார்கள். டென்மார்க்கில் 2002 முதல் ஈயத் தூண்டில் சாமான் விற்க முடியாது. ஏரி குளத்தில் போடுகிறவர்கள், நீர்ப்பறவை வரும் இடமென்றால், நிச்சயம் இரும்புக்கு மாறுங்கள்.

வாரிய கசடை எங்கே கொட்டுவது?

கொட்டக் கூடாது. கிணற்றடி, குப்பை வண்டி, தென்னை மரத்தடி எதுவும் வேண்டாம். இந்த வேலையிலேயே அதிக நஞ்சு அந்தத் தூளில்தான். மூடி இறுகும் பெயிண்ட் டப்பாவில், ஆறிய பிறகு, தூள் எழும்பாமல் மெதுவாகச் சரித்து மூடி, மேலே "ஈயக் கசடு, விஷம்" என்று எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். அதில் இன்னும் ஈயம் உண்டு என்பதால் பதிவு பெற்ற ஈய மறுசுழற்சிக்காரர்கள் வாங்கிக்கொள்வார்கள். என்னிடம் வருஷத்துக்கு ஒரு டப்பா கூட நிறைவதில்லை. ஆனால் அந்த ஒரு டப்பாவைத் தூக்கினால் மணிக்கட்டு வலிக்கும்.